காட்டுத் தைம் எண்ணெயைப் பிள்ளைக்குப் பருக்கலாமா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: ஜேர்மனியில் இருக்கும் அக்கா அனுப்பிய காட்டுத் தைம் இலைப் பொதி முடிந்துவிட்டது. வீடு வீடாக வரும் ஒருவர், அதன் எண்ணெய் என்று ஒரு சிறு போத்தலை 600 ரூபாய்க்குத் தருகிறார். நான்கு வயது மகனுக்கும் எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் மாரி தொடங்கியதிலிருந்து இருமல். தேனில் இரண்டு துளி விட்டுப் பருக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. இருவருக்குமே வேண்டாம்.

அக்கா அனுப்பியது வேறு, இந்தப் போத்தல் வேறு. காட்டுத் தைம் ஐரோப்பாவின் வறண்ட மேடுகளில் தரையோடு படரும் சிறு செடி. ஜேர்மன்காரர் ‘குவென்டல்’ என்பார்கள். காய்ந்த இலையைக் கொதிநீரில் ஊறவிட்டு வடித்து, தடிமன் இருமலுக்குக் குடிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். எண்ணெய் அப்படியல்ல. 100 கிலோ காய்ந்த செடியை வடித்தாலும் அரை லீற்றர் கிடைப்பதே பெரிது. அது 600 ரூபாய்க்கு உங்கள் படலையடிக்கு வருமா? உண்மையான எண்ணெய் என்றாலும் பிள்ளையின் வயிற்றுக்கு அது கடும் காரம். கற்பூரமோ யூகலிப்டஸ் தைலமோ கலந்திருந்தால், கொஞ்சம் உள்ளே போனாலே வலிப்பு வரலாம்.

லேபிளில் தமிழ் இல்லை, பதிவிலக்கம் இல்லை, முடிவுத் திகதி இல்லை என்றால் கையில் வாங்கவே வேண்டாம். ‘டொக்டர்மாரே வாங்குகினம்’ என்பார்கள். என் பெயரைச் சொல்லியும் விற்றிருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு வழிவிட்டது ஆஸ்பத்திரிக்காரரான எங்கள் பக்கம்தான். இரண்டு பஸ் மாறி வந்த தாயிடம், ‘மருந்து முடிஞ்சுது, வெளியில வாங்குங்கோ’ என்று நானே துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருந்து கேட்டு மேலே எழுதினால் மாதக்கணக்கில் பதில் இல்லை. அந்தத் தாய் வேறு எங்கே போவாள்?

சரி, மகனுக்கு என்ன செய்வது? வேலியோரம் கற்பூரவள்ளி நிற்கிறதா? தைமில் மணம் தரும் அதே சத்துகள் அதிலும் உண்டு. அதன் வேதியியல் உங்களுக்குத் தேவையில்லை, கசக்கி மோந்தால் போதும். இரண்டு இலையைக் கழுவி, தணலில் வாட்டிப் பிழிந்து, அரைத் தேக்கரண்டி சாறு, காலையும் மாலையும், மூன்று நாள். காரம் என்று துப்பினால் கொஞ்சம் தேன் சேருங்கள்.

தேன் அவனுக்கு மட்டும். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் ஒரு சொட்டும் ஆகாது. நல்ல காட்டுத் தேன் என்றாலும் ஆகாது, காய்ச்சினாலும் ஆகாது, அம்மம்மா நாக்கில் தொட்டு வைத்தாலும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். பிள்ளை துவண்டுபோகும், மூச்சும் நிற்கலாம். எங்கள் வன்னித் தேனைக் குறை சொல்லவில்லை. எந்த ஊர்த் தேனுக்கும் இது பொருந்தும்.

கைக்குழந்தைக்கு மருந்தாக எதுவும் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், வழமையான சாப்பாடும் தொடரட்டும். அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கைக்குழந்தைக்கு 50, மகனுக்கு 40 அல்லது அதற்கு மேல் போனாலோ, நெஞ்சு உள்ளே இழுபட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990க்கு அடியுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம். எண்ணெயை ஏற்கெனவே பருக்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.