பெயர் போடாமல் வந்த காதல்

கேள்வி: நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் 27 வயதுப் பெண். மூன்று வாரங்களாக, படமோ பதிவோ இல்லாத ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து எனக்குச் செய்திகள் வருகின்றன. ஆபாசமாக எதுவும் இல்லை. ‘வெள்ளிக்கிழமை நீங்கள் கட்டியிருந்த மாம்பழ நிறச் சேலை கண்ணிலேயே நிற்கிறது, நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை’ என்பது கடைசியாக வந்தது. உடன் பணிபுரியும் ஒருவர் மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் அந்தக் கணக்கை ‘ஹேக்’ செய்து ஆளைக் காட்டிவிடுவதாகத் தம்பியின் நண்பன் சொல்கிறான். அனுப்புவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முதலில் தம்பியின் நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறருடைய கணக்கில் அவர் அனுமதியின்றி மோசடியாக நுழைவது, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம். செய்தி அனுப்பியவர் தப்பித்துக்கொள்ள, நீங்களும் தம்பியும் காவல் நிலையத்தில் நிற்க நேரிடலாம். ‘ஐ.பி. முகவரி’யை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எடுத்துத் தருகிறேன் என்பவர்களையும் நம்ப வேண்டாம். அந்த முகவரி செயலி நிறுவனத்திடம்தான் இருக்கும். கிடைத்தாலும், கைப்பேசி இணையத்தில் ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால், அதை வைத்து ஒரு வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.

உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அந்தச் செய்திதான். வெள்ளிக்கிழமை அந்தச் சேலையோடு எடுத்த படத்தை நீங்கள் ஸ்டேட்டஸிலோ ஸ்டோரியிலோ போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். போட்டிருந்தால், பத்தாம் வகுப்புத் தோழியின் அண்ணன் வரை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். போடவில்லை என்றால், அன்று உங்களை நேரில் பார்த்தவர்களுக்குள் தேடினால் போதும்; ஆனால் அலுவலகத்தோடு நின்றுவிடாமல், காலைப் பேருந்து, மதியம் தேநீர் குடிக்கும் கடை, மாலையில் போன கோயில் எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மூன்று வாரச் செய்திகளையும் இப்படி ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது யாருக்குத் தெரிந்திருக்கும்?’ என்று கேட்டுக்கொண்டே வந்தால், பட்டியலில் பாதிப் பெயர்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

எழுத்து நடையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். தமிழ் எழுத்திலேயே எழுதுகிறாரா, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறாரா, ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ போடுகிறாரா, வெறும் ‘எல்’ போடுகிறாரா, வாக்கிய முடிவில் இரண்டு புள்ளி வைக்கும் வழக்கம் உண்டா என்றெல்லாம் பார்க்கலாம். ஆனால் இரண்டு புள்ளி வைப்பவர்கள் உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால், இதை மட்டும் வைத்து எவர் மீதும் கை நீட்டாதீர்கள். அவர் ஏதேனும் பாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பியிருந்தால் அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். நேரம், பேட்டரி அளவு, சில சமயம் சிம் நிறுவனத்தின் பெயர்கூட வெட்டப்படாமல் வந்துவிடும். அவருடைய கணக்குப் பக்கத்தில் ‘இந்தக் கணக்கைப் பற்றி’ என்ற பகுதி தெரிந்தால், எந்த மாதம் தொடங்கப்பட்டது என்பதை அறியலாம். அது சென்ற மாதம் என்றால், உங்களுக்காகவே தொடங்கப்பட்ட கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

சந்தேகப்படும் நபருக்கு மட்டும் தெரியும்படி ஒரு ஸ்டோரி போட்டு, அதைப் பற்றிச் செய்தி வருகிறதா என்று பார்க்கும் தந்திரத்தைத் தோழிகள் சொல்லித் தரக்கூடும். அது பலித்தாலும் எனக்கு உடன்பாடில்லை. அனுப்புபவர் அதை உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வார். அந்த உடன்பணியாளரை நேரில் போய்க் கேட்பதும் இப்போதைக்கு வேண்டாம். அவர் இல்லை என்று தெரிய வந்தாலும், கேண்டீனில் அவருடைய பெயர் அடிபட்டது அடிபட்டதுதான்.

செய்தி இன்னும் ‘கோரிக்கை’ப் பகுதியிலேயே இருந்தால், நீங்கள் ஏற்காத வரை, படித்தது அவருக்குத் தெரியாது. நிதானமாக யோசித்து ஒரே ஒரு பதில் எழுதுங்கள்: ‘பெயர் தெரியாதவரோடு பேச எனக்கு விருப்பமில்லை. யாரென்று சொல்வதாக இல்லையென்றால் இனி எழுத வேண்டாம்.’ நல்லவர் என்றால் பெயரைச் சொல்வார், அல்லது நிறுத்திவிடுவார். இரண்டும் இல்லாமல் தொடர்ந்தால் அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணை. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு தடை செய்யுங்கள், அவசரத்தில் அழித்துவிடாதீர்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். கணக்கின் பின்னால் இருப்பவரின் விவரத்தைச் செயலி நிறுவனத்திடம் சட்டப்படி கேட்டு வாங்கக்கூடியவர்கள் காவல்துறையினர்தான். இடையில் பணம், முதலீடு, அந்தரங்கப் படம் என்று பேச்சு திரும்பினால், அது காதலே அல்ல. அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பெயர் காட்டாமல் கருத்துச் சொல்லும் செயலி ஒன்றில் ‘உன்னை ஒருதலையாகக் காதலிக்கிறேன்’ என்று எனக்கு வந்தது. பணம் கட்டினால் ‘குறிப்பு’ தருவதாகச் செயலி சொல்கிறது. கட்டலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: கட்டாதீர்கள். நீங்கள் சொல்லும் செயலி எதுவென்று கடிதத்தில் இல்லை. ஆனால் இதே வகையைச் சேர்ந்த என்.ஜி.எல். என்ற செயலியின் மீது, அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூலையில் நடவடிக்கை எடுத்தது. நிறுவனமே பொய்ச் செய்திகளை உருவாக்கி, நண்பர்கள் அனுப்பியதுபோலக் காட்டியது என்பதும், அனுப்பியவர் யார் என்று தெரிந்துகொள்ள வாரத்துக்கு 9.99 டாலர் வரை கட்டியவர்களுக்குப் பெயர் கிடைக்கவே இல்லை என்பதும் குற்றச்சாட்டுகள். கிடைத்ததெல்லாம் ‘ஐஃபோனிலிருந்து வந்தது’ என்பது போன்ற குறிப்புகள்தான். அந்நிறுவனம் 50 லட்சம் டாலர் கட்டவும், 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் செயலியை வழங்காதிருக்கவும் ஒப்புக்கொண்டது. உங்களைக் காதலிப்பது ஒரு மனிதர்தானா என்பதே இன்னும் உறுதியாகாதபோது, குறிப்புக்கு எதற்குப் பணம்?

கேள்வி: நான் இந்தக் கதையின் மறுபக்கத்தில் இருப்பவன். உடன் வேலை செய்யும் பெண்ணுக்குப் போலிப் பெயரில் இரண்டு மாதமாகக் கவிதைகள் அனுப்புகிறேன். அவர் பதில் எழுதுவதில்லை. இப்போது நான்தான் என்று சொல்லலாமா?
– மதுரை வாசகர்

பதில்: உங்கள் வேலையில் அவர் உங்களுக்குக் கீழே இருப்பவர் என்றால் சொல்லவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். இல்லையென்றால், கவிதையை விட்டுவிட்டு உங்கள் பெயரோடு இரண்டு வரி எழுதி, இதுவரை மறைந்திருந்து எழுதியதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அந்தப் போலிக் கணக்கை மூடிவிடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். மேலே உள்ள கோவை வாசகியின் கடிதத்தைப் படித்தீர்கள் அல்லவா? இரண்டு மாதமாக உங்கள் கவிதைகளைப் பெறும் பெண்ணும் யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். அது உங்களுக்குப் பக்கத்து மேசையில் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.