பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் உண்டா? – கேள்வி பதில்

தாய்மொழியின் இலக்கணம், வட்டார வழக்கு, சாதி வழக்கு ஆகியவை குறித்துக் காவிரிப் படுகை வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் தரும் விடைகள்.

மன்னார்குடி வாசகி: ஐயா, என் மகள் ‘வூட்டுக்கு’, ‘புடிச்சேன்’ என்று பேசினால் பள்ளியில் கொச்சை என்று கண்டிக்கிறார்கள். அவள் பேச்சைத் திருத்த வேண்டுமா?

பேச்சைத் திருத்த வேண்டியதில்லை, அம்மா. எழுத்தைக் கற்பித்தால் போதும். அவள் சொல்வதைச் சற்று உற்றுக் கேளுங்கள். வீடு ‘வூடு’ ஆகிறது. பிடி ‘புடி’ ஆகிறது. பிள்ளை ‘புள்ள’, பெண் ‘பொண்ணு’, பெட்டி ‘பொட்டி’ ஆகின்றன. எல்லாவற்றிலும் முதலில் உதட்டின் துணையால் பிறக்கும் பகரமோ வகரமோ நிற்கிறது; பின்னால் நாக்கை வளைத்து ஒலிக்கும் ட, ண, ள ஆகியவற்றுள் ஒன்று வருகிறது; இடையில் அகப்பட்ட இகரம் உகரமாகவும் எகரம் ஒகரமாகவும் திரிகின்றன. விதை என்ற சொல் ‘வெத’ ஆகுமே தவிர ‘வொத’ ஆவதில்லை, ஏனெனில் அங்கே பின்வரும் தகரத்துக்கு நாக்கு வளைவதில்லை. எவரும் கற்பிக்காமலேயே உங்கள் மகள் இந்த விதியைப் பிழையின்றிக் கையாளுகிறாள். இது இலக்கணம் இல்லையென்றால் வேறு எதை இலக்கணம் என்பது?

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘பொண்ணு’, ‘புள்ள’ என்று படித்தவர்களும் பேசுகிறார்கள். அவற்றை யாரும் கண்டிப்பதில்லை. அதே விதியால் பிறந்த ‘வூடு’ மட்டும் இழிவாகிறது. குறை ஒலியில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே கண்டிக்கப்பட்டிருக்கும். ‘வூடு’ என்பவர் யார், எந்தத் தெருவினர் என்ற எண்ணத்தைத்தான் அந்தச் சொல்லின்மேல் ஏற்றிவிடுகிறோம்.

நாகப்பட்டினம் வாசகர்: இத்தகைய திரிபுகளைப் பழைய இலக்கண நூல்கள் ஏற்கின்றனவா?

நம் இலக்கண மரபு வழக்கைப் புறக்கணித்து எழுந்ததன்று. தொல்காப்பியப் பாயிரமே ‘வழக்கும் செய்யுளும்’ ஆகிய இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு நூல் செய்யப்பட்டதாகக் கூறுகிறது. அந்நூலின் சொல்லதிகாரம் இயற்சொல், திரிசொல், வடசொல் ஆகியவற்றோடு, வட்டாரங்களில் வழங்கும் திசைச்சொல்லுக்கும் இடம் தருகிறது.

13ஆம் நூற்றாண்டு நன்னூலில் நம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய சான்று ஒன்று உண்டு. ஐகாரத்துக்கும் யகரத்துக்கும் பின் வரும் நகரம் சில இடங்களில் ஞகரமாக ஒலிக்கும் என்று சொல்வாரும் உளர் என்கிறார் பவணந்தியார். ஐந்நூறு ‘ஐஞ்ஞூறு’ ஆவதும் சேய்நலூர் ‘சேய்ஞலூர்’ ஆவதும் இதற்குக் காட்டுகள். தேவாரம் பாடும் அந்தச் சேய்ஞலூர்தான் கும்பகோணத்துக்கு அருகில் இன்று சேங்கனூர் என வழங்குகிறது. ‘தெரிந்து’ என்பதை நாம் ‘தெரிஞ்சு’ என்பதும், ‘அடித்து’ என்பதை ‘அடிச்சு’ என்பதும் இதற்கு உறவான மாற்றங்களே. இகர ஐகாரங்களின் அருகில் பல்லடியில் பிறக்கும் ஒலி அண்ணத்தை நோக்கி நகர்கிறது. அதனால்தான் ‘நடந்து’, ‘விழுந்து’ ஆகியவை பேச்சிலும் அப்படியே நிற்கின்றன. ‘விழுஞ்சு’ என்று எவரும் சொல்வதில்லை. தமக்கு முன்னிருந்தோர் பேசியதையும் ‘என்மரும் உளரே’ என்று பதிந்துவைத்த அந்த நேர்மை என்னை எப்போதும் நெகிழவைக்கிறது.

கும்பகோணம் வாசகர்: ‘ஆத்துக்கு’, ‘வந்துண்டு’ போன்ற சாதி வழக்குகள் மறைந்துபோவதுதானே நல்லது?

சொல் வடிவத்தையும் சொல்லால் ஆளும் அதிகாரத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘ஆத்துக்கு’ என்பதில் உள்ள ‘ஆம்’, வீட்டைக் குறிக்கும் அகம் என்ற பழந்தமிழ்ச் சொல்லின் மரூஉ. ‘வந்துண்டு’, ‘வந்துகிட்டு’ ஆகிய இரண்டுமே ‘வந்துகொண்டு’ என்பதிலிருந்து இருவேறு தெருக்களில் திரிந்தவை. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொல்ல மொழிநூலில் எந்த ஆதாரமும் இல்லை. இவை தாமாக நிலைத்தாலும் தேய்ந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு. இந்தப் படுகையில் நரைத்த பண்ணையாளை மிராசுதார் வீட்டுச் சிறுவன் ‘வாடா’ என்று அழைக்க, அவர் அச்சிறுவனுக்குப் பன்மையில் விடையளித்த காலம் ஒன்று இருந்தது. நீ, நீங்கள் என்னும் முன்னிலை வடிவங்களை வயது தீர்மானிக்கவில்லை. சாதியும் நிலவுடைமையும் தீர்மானித்தன. 1940களில் கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் முன்னின்று நடத்திய இயக்கம், பண்ணையாள்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சவுக்கடியையும் சாணிப்பால் (சாணி கரைத்த நீர்) புகட்டுவதையும் எதிர்த்து எழுந்தது. அதே அடிமைமுறையின் நாவாக இருந்ததுதான் அந்த ஒருமை விளி. அது மறைய வேண்டும். இன்றும் வயதில் மூத்த துப்புரவுத் தொழிலாளியை ஒருமையில் அழைப்பவர்கள், தமிழை எவ்வளவு தூய்மையாகப் பேசினாலும், மொழியைத் தவறாகவே பயன்படுத்துகிறார்கள் என்பேன்.

திருத்துறைப்பூண்டி வாசகர்: எல்லாப் பேச்சும் சரியென்றால் எழுத்திலக்கணம் எதற்கு?

நேரில் பேசும்போது கேட்பவர் எதிரே நிற்கிறார். குரலும் கையும் துணைக்கு வருகின்றன. ஐயம் வந்தால் அவர் உடனே கேட்டுவிடுவார். நீங்கள் எழுதிய மனுவை வேறு மாவட்டத்தில் பிறந்த அதிகாரி ஒருவர் நீங்கள் இல்லாத இடத்தில் படிக்கிறார். ‘மாடு முட்டிய சிறுவன்’ என்று எழுதினால் மாட்டைச் சிறுவன் முட்டினான் என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஆனால் ‘முருகன் அடித்த கண்ணன்’ என்று எழுதினால் அடித்தவர் யார், அடிபட்டவர் யார்? ‘முருகனை அடித்த’ என்று ஓர் உருபைச் சேர்த்தால் வழக்கே மாறிவிடும். ‘புலி கொன்ற யானை’ என்ற காட்டின் மூலம் இந்தத் தடுமாற்றத்தை நம் உரையாசிரியர்கள் அன்றே விளக்கியிருக்கிறார்கள்.

ஆகவே, ஏழைப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சுமை, அதைக் குறைத்துவிடலாம் என்று பரிவோடு சொல்பவர்களை நான் ஏற்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எழுத்துத் தமிழை வீட்டுப் புத்தகங்களிலிருந்தாவது பெற்றுக்கொள்ளும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழி கிடையாது.

சீர்காழி வாசகர்: வாட்ஸ்அப்பில் பேச்சு வழக்கிலேயே எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். அது எழுத்துருவில் நடக்கும் உரையாடல்தான்.

திருவையாறு கல்லூரி மாணவி: என் பாட்டியின் வயல்வெளிச் சொற்களைத் தொகுக்க விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது?

மிக நல்ல பணி. தனிச்சொற்களைக் கேட்டுப் பட்டியலிடாதீர்கள். குறுவை, சம்பா, தாளடி என்ற வரிசையில் வேலைகளைச் சொல்லச் சொல்லி, முழு வாக்கியங்களாகக் கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். அண்டை வெட்டுவதையும் பரம்படிப்பதையும் பற்றிப் பேசும்போது வினைச்சொற்கள் தாமாக வந்து விழும். நிலத்தை ஏக்கரில் கேட்காமல் மா, வேலிக் கணக்கில் கேளுங்கள். 20 மா ஒரு வேலி. பாட்டி யாரிடம் எப்படிப் பேசினார், யார் அவரை எப்படி அழைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அவர் ஒலித்தபடியே எழுதி, எழுத்துத் தமிழ் வடிவத்தைப் பக்கத்தில் தனியாகத் தாருங்கள். ஊரின் பெயரையும் பதிவுசெய்த நாளையும் ஒவ்வொரு பதிவிலும் தவறாமல் சேருங்கள்.