படுவான்கரை நியமனம்: போய்வருவதா, தங்குவதா?

கல்லடியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மட்டக்களப்புத் தேசிய கல்வியியற் கல்லூரியில் கணிதப் பயிற்சி முடித்த உங்கள் மகளுக்கு முதல் நியமனம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், வெல்லாவெளிக்கு அப்பால், யானை வேலியை அண்டிய ஒரு கிராமப் பாடசாலைக்குக் கிடைத்திருக்கிறது என்றும், அதனால் வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். யாரையாவது பிடித்து நகரப் பாடசாலையொன்றில் தற்காலிகமாக வேலை செய்ய ‘இணைப்பு’ எடுப்பதா, தினமும் போய்வருவதா, அங்கேயே வீடெடுத்துத் தங்குவதா என்பதுதான் உங்கள் கேள்வி. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைந்தது முதல் இரண்டு வருடங்களுக்காவது, திங்கள் முதல் வெள்ளி வரை மகள் அங்கே தங்கட்டும். ஆனால் எந்த வீட்டில், யாருடன் என்பதை நீங்கள் நேரில் போய்ப் பார்த்த பிறகே தங்கட்டும்.

இணைப்பைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். இணைப்பு நிரந்தரமானதல்ல, கொடுத்தவர் மாறினால் அதுவும் மாறும். தகுதிகாண் காலமான முதல் மூன்று வருடங்களில் அப்படியொரு சிக்கலில் மகள் அகப்படக் கூடாது. இன்னொன்றையும் யோசியுங்கள். இணைப்பில் போனவரின் பெயர் கிராமப் பாடசாலையின் ஆளணிப் பட்டியலில் அப்படியே இருக்கும். இடம் நிரம்பிவிட்டது என்று கணக்குச் சொல்லும். அந்தப் பிள்ளைகளுக்கோ கணிதம் படிப்பிக்க ஆள் இருக்காது. படுவான்கரையில் இதைப் பலமுறை கண்டு மனம் நொந்தவள் என்பதால் இதற்கு என்னால் சம்மதம் சொல்ல முடியாது.

போய்வருவது பார்வைக்குப் பாதுகாப்பான நடுவழி போலத் தோன்றும். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிக்கு இன்னொன்று, அதற்கப்பால் முச்சக்கர வண்டி. காலை ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க வேண்டுமென்றால் இருட்டோடு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம் என்று வைத்தாலும் வாரத்துக்கு இருபது மணித்தியாலங்கள் வீதியிலேயே கழியும். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஆசிரியரிடம் ஒரு பிள்ளை நின்று சந்தேகம் கேட்க முடியாது. வீடு வந்து சேரும் மகளுக்குப் பாடக்குறிப்பு எழுதவும் தென்பு இருக்காது.

நானும் என் முதல் நியமனத்தில் மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றுக்குப் போய்வந்தவள்தான். குருமண்வெளித் துறையில் வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவை வரும்வரை காத்துநின்று, பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் கழிந்தபின் வியர்த்துக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்த நாட்கள் பல. மூன்றாம் தவணையில் இன்னொரு ஆசிரியையுடன் சேர்ந்து அங்கேயே அறை எடுத்தேன். பத்தாம் ஆண்டில் படித்த ஒரு பிள்ளை தை, மாசி மாதங்களில் வராமல் விடுவதைச் சோம்பல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். தங்கிய பின் ஒரு மாலையில் அவளைத் தேடிப் போனபோதுதான், வேளாண்மை வெட்டுக்காகக் குடும்பமே வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், வாடி என்ற குடிசையில் இருப்பதையும், அவள் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சோறு ஆக்குவதையும் கண்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், உமி படிந்த என் பின்னக் கணக்குக் கொப்பி விரித்தபடி கிடந்தது. அதன் பிறகு அவளுக்குப் பாடம் பின்னேரங்களில் என் அறை விறாந்தையில் நடந்தது. போய்வந்துகொண்டே இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

தொழில் என்ற அளவிலும் இலாபம் இருக்கிறது. நகரத்துப் பெரிய பாடசாலையில் புதிதாக வருபவருக்குக் கீழ்வகுப்புகளே கிடைக்கும். மேல்வகுப்புக்கு மூத்தவர்கள் இருப்பார்கள். இங்கே ஆறாம் ஆண்டு முதல் சாதாரண தரம் வரை கணிதம் முழுவதும் மகளின் கையில் வரக்கூடும். கஷ்டப் பிரதேசத்தில் செய்த சேவை பின்னாளில் இடமாற்றம் கேட்கும்போதும் கணக்கில் எடுக்கப்படும். மேற்படிப்பு நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. வெள்ளி பின்னேரம் வீட்டுக்கு வரும் மகள் சனி, ஞாயிறுகளில் நகரத்தில் நிற்கலாம். வார நாட்களின் மாலைகள் படிப்பதற்கு மிஞ்சும்.

இனிப் பாதகங்கள். யானை என்பது பேச்சுக்குச் சொல்லும் பயமல்ல. நெல் முற்றும் காலத்தில் அது ஊருக்குள் வரும். சேமித்த நெல்லின் மணத்துக்கு வீட்டுச் சுவரையும் இடிக்கும். பொழுதுபட்ட பின் வெளியே இறங்காமல் இருப்பதை அந்த ஊரவர்கள் கட்டாயமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மகளும் கடைப்பிடிக்க வேண்டும். கார்த்திகை முதல் தை வரை வெள்ளம் வந்தால் வீதிகள் அடைபடும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் படுவான்கரையின் பல ஊர்கள் அப்படித்தான் துண்டிக்கப்பட்டன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குப் பயணம் இலகுவாகியது உண்மை. ஆனால் பாலத்துக்கு அப்பால் உள்ள தாழ்ந்த வீதிகளைப் பாலம் உயர்த்திவிடாது. கடுமையான சுகயீனம் என்றால் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கு வர வேண்டும். இரவில் வண்டி யாரிடம் கிடைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தனிமையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முதல் மாதம் மகள் அழுவாள். அழைப்பு எடுத்தால் பேச வைத்து, கேட்டுக்கொண்டிருங்கள். உடனே வா என்று சொல்லிவிடாதீர்கள்.

எனவே வீட்டைப் பாருங்கள். அவள் தனியே இருக்கக்கூடாது; அதே பாடசாலையில் அல்லது பக்கத்துப் பாடசாலையில் தங்கியிருக்கும் இன்னொரு ஆசிரியையுடன், ஒரு குடும்பம் குடியிருக்கும் வளவுக்குள் இருக்க வேண்டும். மலசலகூடம் வீட்டோடு சேர்ந்திருக்கிறதா என்பதை எதற்கும் முன் பாருங்கள், ஏனென்றால் இரவில் முற்றத்தைக் கடந்து போக வேண்டிய வீடு யானை நடமாடும் ஊருக்குச் சரிவராது. கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். தொலைபேசி சிக்னல் முற்றத்தில் மட்டுமல்ல, அறைக்குள்ளும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் மலசலகூடமும் துணையும் சரிவராவிட்டால் வேறு வீடு தேடுங்கள். அது கிடைக்கும் வரை மட்டும், கொஞ்சக் காலத்துக்கு, போய்வரட்டும்.

கடைசிப் பக்கத்தில் தயங்கித் தயங்கி எழுதியிருந்த விடயத்துக்கும் பதில் சொல்கிறேன். பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் எங்கள் வழக்கம். மகளுக்கென்று கல்லடியில் கட்டிய வீடு பூட்டிக் கிடக்குமே, சம்பந்தம் பேச வருபவர்கள் படுவான்கரையில் வேலை என்றால் பின்வாங்குவார்களே என்பது உங்கள் கவலை. அவள் குடிபெயர்ந்து போகவில்லை. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்காகத் தங்குகிறாள். அந்த வீட்டுக்குச் சனி, ஞாயிறில் விளக்கேற்ற அவள் வருவாள். இதைக் கேட்டு விலகுகிற சம்பந்தம் விலகட்டும் என்பதே, இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவளாக நான் உங்களுக்குச் சொல்வது.

பொறுப்பேற்க வேண்டிய திகதி நியமனக் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முன் வரும் வார நாளொன்றில் மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் போகவேண்டிய அதே பஸ்ஸில், அதே நேரத்துக்குப் புறப்பட்டுப் போங்கள். அதிபரைச் சந்தித்து ஆசிரியர் விடுதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கு ஏற்கெனவே தங்கியிருக்கும் ஆசிரியைகளின் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். போய்வந்தபின் எனக்கு எழுதுங்கள். முடிந்தால் மகளையே எழுதச் சொல்லுங்கள், இதுவரை அவளுடைய விருப்பம் என்னவென்று எனக்குத் தெரியாது.