பாட்டியின் ஓய்வூதியம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் சிலி நாட்டில் 2019 அக்டோபர் முதல் 2020 அக்டோபர் வரை நடந்தவற்றைப் பற்றி நான் பேச வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. மெட்ரோ கட்டணம் 30 பெசோ, நம் கணக்கில் சுமார் மூன்று ரூபாய், ஏறியதற்காக ஒரு தலைநகரமே பற்றி எரிந்திருக்கிறது. அவ்வளவு பெரிய எழுச்சிக்குப் பிறகு எழுதப்பட்ட புதிய அரசியல் சாசனத்தை 2022-இல் அதே மக்கள் 62 சதவீத வாக்குகளால் நிராகரித்துவிட்டார்கள். அப்படியானால் அந்த ஒரு வருடம் வீண்தானே? இதன் பின்னால் வெளிநாட்டுச் சதி இருந்ததாகச் சிலர் சொல்கிறார்கள், உண்மையா? ரயில் நிலையங்களை எரித்ததை நீங்கள் ஆதரிக்கிறீர்களா? வாசிக்க வேண்டிய நூல்களையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

கா.
திருநெல்வேலி

அன்புள்ள கா.,

சில வாரங்களாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது, அதனால்தான் உடனே எழுதுகிறேன். நூல் பட்டியலை இப்போதைக்கு விடுங்கள். அந்த ஒரு வருடத்துச் செய்திகளைத் தேதிவாரியாகப் படித்துக் குறிப்பெடுங்கள், உங்கள் உரைக்கு அது போதும். சதிக் கதையையும் விடுங்கள். 2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை, தலைநகர் சாண்டியாகோவின் பாக்கெடானோ சதுக்கத்தில் பன்னிரண்டு லட்சம் பேர் கூடினார்கள். அத்தனை பேரை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவர எந்த வெளிநாட்டாலும் முடியாது.

ஆனால் 'வீண்தானே' என்று எழுதினீர்களே, அதை அப்படி விட முடியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசினாலும் உங்கள் வயதுப் பிள்ளைகள் கடைசியில் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி முடிவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஜெயித்தார்களா தோற்றார்களா என்று எழுதிவிட்டால் வேலை முடிந்ததா? 62 சதவீதம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, 2020 அக்டோபர் 25 அன்று புதிய சாசனம் வேண்டும் என்று 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள் என்பதும், அன்று விருப்பப்பட்டவர்கள் மட்டும் வந்து போட்ட ஓட்டு சுமார் 75 லட்சம், 2022-இல் ஓட்டுப்போடுவது கட்டாயமாக்கப்பட்டு வந்தவர்கள் சுமார் 1 கோடியே 30 லட்சம் என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா? 'அதே மக்கள்' என்று எப்படி எழுதினீர்கள்? அடுத்து வலதுசாரிகள் எழுதிய சாசனத்தையும் 2023 டிசம்பரில் மக்கள் நிராகரித்தார்கள். அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஓட்டுக்கு அர்த்தமே கிடைக்கும்.

சரி, 30 பெசோவுக்கு வருவோம். அக்டோபர் 6 அன்று நெரிசல் நேரக் கட்டணம் 800-இலிருந்து 830 பெசோ ஆனது. அப்போது அங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,01,000 பெசோ. நெரிசல் நேரத்தில் போய்வர, மாதம் இருபது நாள் என்று வைத்தால் 33,200. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் ரயிலுக்கே போகிறது. விடிவதற்கு முன்பே கிளம்பினால் குறைந்த கட்டணத்தில் போகலாமே என்றார் பொருளாதார அமைச்சர். பூக்களின் விலை குறைந்திருக்கிறது என்றார் நிதியமைச்சர். சீருடையோடு, முதுகில் பையோடு, பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக ஓடிவந்து மெட்ரோ வாசலில் இருந்த சுழல்தடுப்பின் மேல் கை ஊன்றித் தாண்டிக் குதித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள் தம்பி, மாணவர் கட்டணம் உயரவே இல்லை. அந்தப் பிள்ளைகள் தங்களுக்காகக் குதிக்கவில்லை. விடியற்காலையில் நின்றுகொண்டே வேலைக்குப் போகும் அம்மாவுக்காகக் குதித்தார்கள்.

அப்புறம் பாட்டிக்காக. 'என் பாட்டியின் ஓய்வூதியத்துக்காக' என்ற வாசகம் அந்த மாதங்களில் கையெழுத்து அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்தது. நான் பேச நினைப்பது இதைத்தான். இளைஞர் எழுச்சி, இளைஞர் எழுச்சி என்று எல்லோரும் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அது முதுமையைப் பற்றிய எழுச்சி.

பினோசேயின் சர்வாதிகார ஆட்சியில் தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஹோசே பின்யேரா. 2019-இல் ஜனாதிபதியாக இருந்த செபாஸ்டியன் பின்யேராவின் அண்ணன். ஹோசே கொண்டுவந்த ஓய்வூதியத் திட்டம் 1981-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவரும் சம்பளத்தில் பத்து சதவீதத்தைத் தன் பெயரில் உள்ள கணக்கில் கட்ட வேண்டும், ஏ.எஃப்.பி. எனப்படும் தனியார் நிறுவனங்கள் அதைச் சந்தையில் முதலீடு செய்யும், அதற்குத் தனியாகக் கமிஷன் எடுத்துக்கொள்ளும், வயதான பிறகு கணக்கில் இருப்பதைப் பங்கிட்டு மாதாமாதம் தரும். அந்தக் கணக்கில் முதலாளியின் பங்கு என்று ஒரு பைசா கிடையாது. கடைசிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்று நம்பிக்கை கொடுத்தார்கள். வேலை இல்லாத மாதங்கள், பிள்ளை பெற்ற வருடங்கள், எழுத்தில் இல்லாத கூலி வேலை, எல்லாம் கணக்கில் ஓட்டையாக நின்றன. பெண் அதிக நாள் வாழ்வாள் என்று அட்டவணை சொன்னதால், ஒரே வயதில் ஒரே தொகை சேர்த்திருந்தாலும் பெண்ணுக்கு மாதத்தொகை குறைவு. அந்த அட்டவணை 110 வயது வரை நீண்டது. 2019-இல் ஓய்வுபெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குறைந்தபட்சச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வாங்கினார்கள். எல்லோருக்கும் நல்லது என்று சொல்லிக் கொண்டுவந்த இந்தத் திட்டத்தில் ராணுவமும் போலீசும் மட்டும் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே தொடர்ந்தது.

உலக வங்கி 1994-இல் பெரிய அறிக்கை போட்டு இந்த வழியை நாடு நாடாகப் பரிந்துரைத்தது. ஓய்வூதியம் என்றால் உன் கணக்கு, உன் பாடு என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் என்று வந்ததும் அந்தக் காலத்தில்தான், ஆனால் இங்கே அரசும் தன் பங்கைப் போடுகிறது. உங்கள் வீட்டில் ஆசிரியர் யாராவது இருந்தால் கேளுங்கள், 2019 ஜனவரியில் ஏன் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று.

எனக்கு இதில் இவ்வளவு ஆவேசம் வரக் காரணம் என் அத்தை. கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் ரீலிங் பிரிவில் வயது போகும்வரை நின்றுகொண்டே வேலை பார்த்தவள். சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தை நிர்வாகம் சில வருடங்கள் கட்டவே இல்லை, அது மில் மூடிய பிறகுதான் தெரிந்தது. சர்வீஸ் குறைந்துபோய், ஓய்வூதியம் ஆயிரத்துச் சொச்சம். வருடா வருடம் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கப் போவாள். நூல் இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரலை எந்திரம் ஏற்காது. ஈரத்துணியில் துடைத்துவிட்டு வை, அடுத்த விரலை வை, இன்னொரு தடவை அழுத்து என்று பையன் சொல்லிக்கொண்டே இருப்பான், இவள் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். உழைத்ததுதான் அந்த ரேகையைத் தேய்த்தது. சாண்டியாகோவில் ஒரு பேரன் பாட்டிக்காக அட்டை பிடித்து நிற்கிறான் என்று படித்தபோது என்னால் அதை வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்க முடியவில்லை.

அந்த வருடத்தின் மற்ற நிகழ்ச்சிகளை நீங்களே படித்துக்கொள்வீர்கள்: அவசர நிலை, ஊரடங்கு, 'நாம் போரில் இருக்கிறோம்' என்று ஜனாதிபதி பேசியது, புதிய சாசனத்துக்கு வழிவிட்ட நவம்பர் 15 உடன்பாடு, பெண்களின் ஊர்வலங்கள். எல்லோரும் வேகமாகக் கடந்துபோகும் ஒரு மாதம் உண்டு, 2020 ஜூலை. அதில் நின்று பேசுங்கள். கொரோனா வந்து கூலி நின்றுபோனது. மே மாதம் சாண்டியாகோவின் எல் போஸ்கே பகுதியில் சாப்பாடு இல்லை என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள், தெருத்தெருவாகப் பொதுஅடுப்பு மூட்டினார்கள். அரசின் உதவி தாமதமாகவும் கொஞ்சமாகவும் வந்தது. அப்போதுதான் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பத்து சதவீதத்தை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் வந்தது. ஜனாதிபதி எதிர்த்தார், அவர் கூட்டணி உறுப்பினர்களில் சிலரே ஆதரித்து வாக்களித்தார்கள். மக்கள் ஜன்னலில் நின்று பாத்திரங்களைத் தட்டி நெருக்கினார்கள். ஜூலை 30 அன்று விண்ணப்பம் தொடங்கியதுமே ஏ.எஃப்.பி. இணையதளங்கள் திணறின. சேமிப்பு மிகக் குறைவாக இருந்தவர்கள் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் எடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்? 2021 வரை மூன்று தடவையாகப் போனது சுமார் 5,000 கோடி டாலர். லட்சக்கணக்கானோரின் கணக்கு காலியானது.

கஷ்ட காலத்துக்கு அரசு கொடுக்க வேண்டிய பணத்தை ஏழைகள் தங்கள் கிழட்டு வயதிலிருந்து கடன் வாங்கினார்கள். எடுக்காதே என்று அவர்களுக்குப் புத்தி சொன்ன பொருளாதார அறிஞர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை, அவர்களில் யாருக்கும் அன்று ராத்திரி அடுப்பு பற்றவைக்கும் கவலை இல்லை. ஆனால் இன்னொன்றும் அங்கே நடந்தது. 'எல்லோருடைய முதுமையையும் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று சதுக்கத்தில் நின்றவர்கள், ஒன்பது மாதம் கழித்து, ஆளுக்கொரு விண்ணப்பம் போட்டுத் தங்கள் தங்கள் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அது என் பணம் என்ற எண்ணம் அன்று உறுதிப்பட்டது. 2022-இல் புதிய சாசனத்துக்கு எதிராக மிக வேகமாகப் பரவிய பயங்களில் ஒன்று, அரசு உங்கள் சேமிப்பைப் பறித்துக்கொள்ளும் என்பது. 'என் பணத்தில் கை வைக்காதே' என்பது அங்கே ஒரு இயக்கத்தின் முழக்கமாகவே இருந்தது. நீங்கள் எழுதிய 62 சதவீதத்துக்குக் காரணங்கள் பல, ஆனால் ஒரு வேர் அந்த ஜூலையில் இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

வீணா என்று கேட்டீர்கள். 2022 ஜனவரியில், ஆட்சியின் கடைசி வாரங்களில், அதே பின்யேரா கையெழுத்திட்ட சட்டத்தால் 65 வயதைத் தாண்டியவர்களில் மிக வசதியான பத்து சதவீதம் பேர் தவிர மற்றவர்களுக்கு மாதம் 1,85,000 பெசோ வரை அரசுப் பணமாகக் கிடைக்கத் தொடங்கியது. 2025-இல், அடுத்த ஜனாதிபதி போரிக் ஆட்சியில் வந்த சட்டப்படி முதலாளிகளும் படிப்படியாக 8.5 சதவீதம் வரை கட்ட வேண்டும், பெண்களுக்கு அட்டவணையால் ஏற்படும் குறையை ஈடுகட்டவும் அதில் வழி இருக்கிறது. ஏ.எஃப்.பி.க்கள் போகவில்லை. போதாதுதான். ஆனால் முப்பத்தெட்டு வருடம் பெரிதாக அசையாமல் இருந்த ஒன்றை அந்தப் பிள்ளைகள் அசைத்தார்கள்.

கடைசியாக, எரித்தது. நான் ஆதரிக்கவில்லை. புறநகரிலிருந்து வேலைக்கு வருபவர்களின் ரயில் அது, நிலையம் எரிந்தபோது மாதக்கணக்கில் அலைந்தது அவர்கள்தான். ஆனால் நிலையங்களைப் பற்றிக் கேட்ட நீங்கள் கண்களைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. போலீசின் ரப்பர் குண்டுகளாலும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளாலும் கண்ணில் காயம்பட்டவர்கள் 400-க்கும் மேல். 2019 நவம்பர் 26 அன்று ஃபபியோலா கம்பியாய் இரவு ஷிஃப்டுக்குப் போக பஸ் பிடிக்கக் கிளம்பினார். அவர் போராட்டத்திலேயே இல்லை. முகத்தில் கண்ணீர்ப்புகைக் குண்டு பாய்ந்து இரண்டு கண்ணும் போனது, வாசனையும் ருசியும்கூடப் போயின. இரண்டு வருடம் கழித்து, எந்தக் கட்சியிலும் சேராமல் நின்று, சாண்டியாகோ தொகுதியிலேயே அதிக வாக்கு வாங்கி செனட்டுக்குப் போனார். உங்கள் உரையில் அவருக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பேசி முடித்ததும் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா