கோடாரி விளிம்பில் குண்டைப் பிளக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து நாட்டுத் துப்பாக்கியைப் பற்றியவை. ஏற்காட்டிலிருந்து மூன்று, சேலத்திலிருந்து இரண்டு. குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்துக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி, அதை வைத்து வித்தை காட்டுவது, இதுதான் எல்லாவற்றிலும் பேச்சு. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு கடிதத்துக்காவது நான் தாமதமாகப் பதில் சொன்னால் ஒரு வீட்டில் விபரீதம் நடந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றியை விரட்டுவதற்காக லைசென்ஸ் வாங்கியது. தாத்தா போன வருடம் இறந்துவிட்டார், துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோ ஒன்றில், இதே மாதிரி துப்பாக்கியால் ஒருவர் கோடாரி விளிம்பைக் குறிபார்த்துச் சுடுகிறார், குண்டு இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் கட்டிய பலூன்கள் உடைகின்றன. வைகாசியில் அக்கா கல்யாணம். எஸ்டேட் வீட்டு முற்றத்தில் செய்து காட்ட ஆசை. பலூனை நானே கையில் பிடித்துக்கொள்கிறேன் என்று மாமா சொல்கிறார். என்னென்ன பாதுகாப்பு செய்துகொள்ள வேண்டும்? (நாகலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, செய்யாதீர்கள். மாமா கையில் பலூன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக. லைசென்ஸ் தாத்தாவின் பெயரில் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி அந்தத் துப்பாக்கியைத் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்திருக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் உங்கள் வீட்டார் புதிதாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், அது வேறு. இன்னொன்று, கல்யாணம், திருவிழா, பொதுக்கூட்டம் இவற்றில் ஆளுக்கு ஆபத்து வருகிற மாதிரி அஜாக்கிரதையாகக் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2019-ல் வந்த திருத்தத்தின்படி 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் சட்டத்தோடு நான் நிறுத்திக்கொண்டால், போலீஸ் பார்க்காத இடமாக ஒரு தோட்டத்தைத் தேடிப் போய்விடுவீர்கள். அதனால் துப்பாக்கியைப் பற்றியே பேசுவோம்.

வீடியோவில் பார்த்ததும் உங்கள் வீட்டில் இருப்பதும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல. கோடாரி வித்தை செய்கிறவர்கள் பெரும்பாலும் குழலுக்குள் சுருள் சுருளாக வரி வெட்டிய துப்பாக்கியை வைத்திருப்பார்கள், குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். நம் மலையில் புழங்குகிற நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழுவழுப்பு. அதிலிருந்து போகிற உருண்டைக் குண்டு, ஐம்பது மீட்டரில் ஒரு அடிக்கு மேல் தள்ளிப் பட்டாலும் அது சுடுகிறவருடைய குறை கிடையாது, குழலின் குணமே அப்படி. பிறகு குண்டு. அவர்கள் போடுவது கலப்பில்லாத மெத்தென்ற ஈயம், விளிம்பில் பட்டதும் அறுந்து பிளந்துவிடும். இங்கே பலர் சைக்கிள் பால்ரஸ் போடுகிறார்கள். இரும்பு உருண்டை இரும்பில் பட்டால் பிளக்காது, திரும்பி வரும். எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஈயம் பிளந்தாலும் அதோடு முடிந்துவிடாது. இரண்டு துண்டும் வலப்பக்கமும் இடப்பக்கமும் விலகிப் பறக்கும், சின்னச் சின்னத் தெறிப்புகள் சுட்டவரை நோக்கியே வரும். அதனால்தான் அங்கே கோடாரிக்குப் பின்னால் அகலமான, உயரமான மண்மேடு இருக்கிறது, ஆட்கள் எல்லாரும் சுடும் கோட்டுக்குப் பின்னால் கண்ணாடியும் காதடைப்பானும் போட்டு நிற்கிறார்கள், பலூனைக் கட்டையில் கட்டியிருக்கிறார்கள். வீடியோவில் கேமரா கோடாரியை மட்டும்தான் காட்டுகிறது. உங்கள் எஸ்டேட்டில் பின்னால் என்ன இருக்கிறது? சில்வர் ஓக் மரமும் காப்பிச் செடியும். செடி மறைவில் பழம் பறிக்கிற ஆள் இருந்தால் இருபதடி தூரத்தில் கூடத் தெரியாது. பாறையில் பட்ட குண்டு எகிறும், தண்ணீரில் பட்டாலும் எகிறும். தவறிப் போன குண்டு அரை கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும்.

சரி, இதெல்லாம் குறி தவறுவதைப் பற்றியது. என்னுடைய பெரிய கவலை அதுவே இல்லை. பல வருடம் சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் துப்பாக்கியில் ஆபத்து சுடும்போது தொடங்குவதில்லை, கெட்டிக்கும்போதே தொடங்குகிறது. தோட்டா போடுகிற துப்பாக்கியில் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். இதில் திறக்க ஒன்றுமில்லை. மருந்து போட்டோமா, இரண்டு தடவை போட்டுவிட்டோமா, குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்ததா, பாதியில் நிற்கிறதா, ஒன்றும் வெளியே தெரியாது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அந்தக் குண்டே அடைப்பாகி, குழல் புடைத்துக்கொள்ளும் அல்லது வெடிக்கும். பதற்றத்தில் மனிதன் எவ்வளவு மறப்பான் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1863-ல் அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபின் களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகள் 27,000-க்கும் மேல், அதில் சுமார் 12,000 துப்பாக்கிகளில் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தடவை கெட்டித்திருந்தது. தினமும் இதே வேலையாக இருந்த சிப்பாய்கள் அவர்கள். கல்யாண வீட்டில் நாதஸ்வரமும் கூட்டமும் கைதட்டலும் சுற்றி இருக்கும்போது உங்களுக்கு நினைவு இருக்குமா?

என் சித்தப்பா அப்படித்தான். ஒரு தடவை சுட்டுவிட்டு உடனே அடுத்த மருந்தைக் கொட்டினார். முதல் வேட்டில் மிச்சமிருந்த கங்கு குழலின் அடியில் இருந்திருக்கிறது. கம்பியை உள்ளங்கையால் அழுத்தி இடித்துக்கொண்டிருந்தார். கம்பி கையைக் கிழித்துக்கொண்டு போனது, இரண்டு விரல் போயிற்று. அவர் யாரையும் குறிபார்க்கவில்லை, விசையைத் தொடவுமில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை. சுடுதளத்தில் ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் ஈரத்துணியைக் கம்பியில் சுற்றிக் குழலைத் துடைக்கச் சொல்வதும், மருந்து டப்பாவிலிருந்து நேராகக் கொட்டாமல் தனி அளவுக் குப்பியில் எடுத்துக் கொட்டச் சொல்வதும், கம்பியை விரல்நுனியால் மட்டும் பிடிக்கச் சொல்வதும், அடிபட்டதும் தீப்பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற சின்னச் செம்புக் கேப்பைக் கடைசியில் சுடும் கோட்டுக்கு வந்தபிறகே வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

லைசென்ஸ், சுடுதளம், சோதித்துப் பார்த்த குழல், மண்மேடு, சொல்லிக்கொடுக்க ஆள், இவ்வளவும் இருந்தால் ஒரு நாள் கோடாரி வித்தை உங்களுக்கும் கைகூடும், நான் சந்தோஷப்படுவேன். அன்றைக்கும் மாமா சுடும் கோட்டுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: நான் மேஜிக் ஷோ நடத்துகிறேன். பார்வையாளர் குறிபோட்ட குண்டைப் பழைய துப்பாக்கியில் கெட்டித்து என்னை நோக்கிச் சுடவைத்து, அதைப் பல்லில் பிடித்துக் காட்டும் வித்தையைச் செய்ய வேண்டும். துப்பாக்கியில் ரகசிய ஏற்பாடு செய்துகொண்டால் பயமில்லை அல்லவா? (அம்மாபேட்டை, சேலம்)

பதில்: இந்த வித்தையால் செத்துப்போன ஒருவரின் கதையை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மேடையில் சீனராக வேஷம் கட்டி சங் லிங் சூ என்ற பெயரில் உலகப்புகழ் பெற்றவர் வில்லியம் ராபின்சன், உண்மையில் அமெரிக்கர். அவருடைய துப்பாக்கியில் நீங்கள் சொல்கிற அதே ரகசிய ஏற்பாடு இருந்தது. கேப்பின் தீ, குண்டு இருக்கிற பெரிய குழலுக்குப் போகாது. கீழே இடிகம்பி செருகுகிற சின்னக் குழாயில் போட்ட வெறும் மருந்துக்குப் போகும். சத்தமும் புகையும் வரும், குண்டு அசையாது. கையில் மறைத்து வைத்த வேறொரு குண்டை அவர் எடுத்துக் காட்டுவார்.

வருடக்கணக்கில் இது பிசகாமல் நடந்தது. ஆனால் ஷோ முடிந்தபிறகு அவர் பெரிய குழலில் இருந்த மருந்தைச் சுட்டுத் தீர்ப்பதில்லை, குழலின் அடிப்பக்கத் திருகைக் கழற்றி குண்டையும் மருந்தையும் வெளியே எடுத்துவிடுவார். கழற்றிக் கழற்றி மாட்டியதில் திருகின் மரை தேய்ந்தது, தேய்ந்த இடுக்கில் மருந்துத்தூள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கித் தீ போகிற பாதையைத் தொட்டுவிட்டது. 1918 மார்ச் 23-ம் தேதி இரவு, லண்டன் வுட் கிரீன் எம்பயர் அரங்கில் பெரிய குழல் வெடித்தது. குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. மேடையில் சீன வேஷத்தில் ஆங்கிலமே பேசாதவர், அன்றைக்கு ஆங்கிலத்தில் திரையை இறக்கச் சொன்னார். மறுநாள் இறந்துபோனார். விசாரணையில் விபத்து என்றே முடிவாயிற்று.

சுட்டவர் குறி தவறவில்லை, யாரும் சதி செய்யவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு சிட்டிகை மருந்து நகர்ந்தது, அவ்வளவுதான். அவருக்கு இருந்த அனுபவத்தில் பத்தில் ஒரு பங்கு எனக்கோ உங்களுக்கோ கிடையாது. கைவித்தை உங்கள் தொழில், அதில் பார்க்கிறவர்களை வாய் பிளக்க வைக்க நூறு வழி இருக்கிறது. உண்மையான துப்பாக்கியை மேடையேற்ற வேண்டாம்.

கேள்வி: குண்டு இல்லாமல் மருந்து மட்டும் கெட்டித்து, நாடகத்தில் ஒருவரைப் பார்த்துச் சுடலாமா? (அயோத்தியாபட்டணம்)

பதில்: கூடாது. மருந்தை அடைக்க வைக்கிற தேங்காய் நாரும் துணியும் பக்கத்திலிருந்து குண்டு மாதிரியே பாயும். தீயும் சூடான காற்றும் கண்ணைப் பறித்துவிடும். குழலில் மறந்துபோன ஆணியோ கல்லோ இருந்தால் அதுவே குண்டு. மரத்தில் துப்பாக்கி செய்துகொள்ளுங்கள், சத்தத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். ஜனங்கள் கதையைத்தான் பார்க்க வருகிறார்கள்.

கேள்வி: எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஏற்காட்டுப் பனியில் சில சமயம் விசையை அழுத்தினால் கேப் மட்டும் வெடிக்கிறது, துப்பாக்கி வெடிப்பதில்லை. உடனே வேறு கேப் வைக்கலாமா? கண்ணாடியைப் பார்த்துத் தோளுக்குப் பின்னால் சுடும் வித்தைக்கும் ஆசை. (ஏற்காடு)

பதில்: உடனே எதுவும் செய்யக்கூடாது. 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில், மருந்து ஈரம் இழுக்கத்தான் செய்யும். ஈரமருந்து சில நேரம் உடனே பிடிக்காமல் புகைந்துகொண்டே இருந்து, நாம் ‘சரி, போகவில்லை’ என்று துப்பாக்கியைத் திருப்புகிற நேரத்தில் வெடிக்கும். குழல் மண்மேட்டை நோக்கியபடியே, தோளிலிருந்து எடுக்காமல், குறைந்தது ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் என் மாணவர்களை இரண்டு நிமிடம் நிற்க வைப்பேன், கை வலிக்கிறது என்பார்கள், பரவாயில்லை. அப்புறமும் போகவில்லை என்றால் குழல் வாய்க்குள் எட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள். தெரிந்தவர்கள் மருந்தை முதலில் நனைத்துவிட்டுத்தான் குண்டை வெளியே இழுப்பார்கள்.

தோளுக்குப் பின்னால் சுடுவதைப் பற்றி: கேப் வெடிக்கும்போது பக்கவாட்டில் தீயும் செம்புத் துணுக்கும் தெறிக்கும். தோள்மேல் திருப்பி வைத்தால் அந்த இடம் உங்கள் கன்னத்துக்கும் கண்ணுக்கும் பக்கத்தில் வந்துவிடும். அத்தோடு, இதற்கு முந்திய பத்தியில் சொன்ன தாமத வெடிப்பையும் சேர்த்துப் பாருங்கள். விசையை அழுத்தினீர்கள், போகவில்லை, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது, குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் அது வெடித்தால்? ஏர் ரைபிளில் கூட நான் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

கேள்வி: மாமனார் காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, எந்தக் காகிதமும் இல்லை. பத்தாவது படிக்கிற மகன் அதை எடுத்துச் சுழற்றி வீடியோ எடுக்கிறான். முப்பது வருடமாகச் சும்மா கிடக்கிற துரு பிடித்த சாமான்தானே என்கிறான். போலீசுக்குப் போகவும் பயமாக இருக்கிறது. (செம்மநத்தம்)

பதில்: அம்மா, முப்பது வருடம் என்பது கருமருந்துக்கு ஒரு வயதே இல்லை. காய்ந்து கிடந்தால் அது சாகாது. 2008-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில், 140 வருடத்துக்கு மேல் பழைய பீரங்கிக் குண்டை வீட்டில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் அது வெடித்து இறந்தார். பன்றிக்கென்று கெட்டித்து, சுடாமல் அப்படியே பரணில் போட்ட துப்பாக்கிகள் நம் மலையிலும் இருக்கும். உங்கள் மாமனார் கடைசியாக என்ன செய்தார் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை, ஆகவே உள்ளே மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் எனக்குப் புரிகிறது. நம் பக்கத்து மலைகளில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாங்களாகவே ஒப்படைத்துவிடச் சொல்லி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பு கொடுக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் மூலமாகப் பலர் ஒப்படைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விவரம் சொல்லி யோசனை கேளுங்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி உண்டு. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், தொடவே வேண்டாம். வக்கீலும் ஊர்ப் பெரியவரும் ஸ்டேஷனில் சொல்லி, விவரம் தெரிந்த போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகட்டும். அதுவரை பரணுக்கு ஏறுகிற ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிடுங்கள், எதற்காக என்று மகனிடமும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்.