மகள் மனநல ஆய்வுத் துறைக்குப் போகலாமா? திருகோணமலைத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

உயர்தரக் கலைப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்த உங்கள் மகள், ஆசிரியத் தொழிலை வேண்டாம் என்று சொல்லி, உளவியல் படித்து, வைத்திய வசதி எட்டாத கிராமங்களில் அந்த மக்களோடு சேர்ந்து மனநல ஆய்வு செய்யப்போவதாக உறுதியாக நிற்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "இது தொழிலா, வெறும் சேவையா?" என்று அவளுடைய தந்தை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றும் சொல்லியிருந்தீர்கள். தொழில்தான். ஆனால் எப்படிச் செய்தால் அது மக்களுக்குப் பயன்படும் என்பதை முதலில் சொல்லிவிட்டு, படிப்புக்கும் சம்பளத்துக்கும் பிறகு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், மூதூர்ப் பக்கக் கரையோரக் கிராமம் ஒன்றுக்குத் தகவல் சேகரிப்பவளாகப் போயிருந்தேன். கையில் ஒன்பது கேள்விகள் கொண்ட தாள். மனச்சோர்வை அளக்க உலகம் முழுவதும் பயன்படுகிற பிஎச்கியூ-9 என்ற அந்தப் படிவத்தை யாரோ ஏட்டுத் தமிழில் பெயர்த்திருந்தார்கள். கருவாடு போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் ஆர்வமின்மையை உணர்ந்தீர்கள் என்று வாசித்தேன். "அப்படி ஒண்டும் இல்லை" என்றார். எல்லாக் கேள்விக்கும் அதே பதில்தான். நான் பூச்சியம் போட்டுக்கொண்டே போனேன். தாளை மடித்த பிறகு, பிளந்த மீனில் உப்பைத் தேய்த்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "படுத்தால் நித்திரை இல்லை பிள்ளை. விடிய விடிய ஒரே யோசினை." அந்தச் சொல்லை எழுத என் தாளில் இடமே இருக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறு அலுவலாக அங்கே போனபோது, "அண்டைக்கு எழுதிக்கொண்டு போனீங்களே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டார். அறிக்கை எழுதி முடிந்திருந்தது. கிராமத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று, நான் உட்பட, ஒருவரும் நினைத்திருக்கவில்லை.

உங்கள் மகள் விரும்பும் ஆய்வுமுறை இந்த இரண்டு தவறுகளையும் திருத்துவதற்காக வந்தது. எதைக் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது, கிடைத்த விடையை வைத்து என்ன செய்வது என்பவற்றை ஆய்வாளர் தனியே தீர்மானிப்பதில்லை. அந்த ஊரின் பெண்களும், மீனவர் சங்கத்தாரும், நோயோடு வாழ்கிறவர்களும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் தொடக்கத்திலிருந்தே உடனிருந்து தீர்மானிக்கிறார்கள். முடிவுகள் முதலில் அவர்களிடமே போய்ச் சேருகின்றன.

இதனால் என்ன மாறும் என்று தந்தை கேட்பார். அவருக்குச் சிம்பாப்வேயைச் சொல்லுங்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006ஆம் ஆண்டு, தலைநகர் ஹராரேயில், அந்தப் பகுதியிலேயே வாழ்ந்த பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய முற்றத்தில் ஒரு மரவாங்கில் இருந்து மக்களோடு பேசச் செய்தார். "மனநல வாங்கு" என்று பெயர் வைத்தால் ஒருவரும் வந்து இருக்கமாட்டார்கள், "நட்பு வாங்கு" என்று வையுங்கள் என்று திருத்தியவர்கள் அந்தப் பாட்டிமாரே. அங்குள்ள மக்கள் தங்கள் துயரத்துக்குச் சொல்லும் சொல் "குஃபுங்கிசிசா". அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்று பொருள். கருவாடு போட்ட அம்மா சொன்ன அதே யோசினை. அந்த மக்களின் சொற்களைக் கொண்டே கேள்வித்தாளும் ஆக்கப்பட்டது. 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியான பரிசோதனை ஆய்வில், வாங்கில் பேசியவர்களின் நோய்க்குறிகள் வழமையான சிகிச்சை பெற்றவர்களுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன.

நம் மாவட்டத்துக்கு இது எவ்வளவு தேவை என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தது. 2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் கிளிவெட்டி முகாமில் 2015ஆம் ஆண்டு வரை காலம் கழித்தார்கள். வெருகலிலிருந்து ஒருவர் திருகோணமலை வைத்தியசாலையின் மனநலச் சிகிச்சைக்கு வர வேண்டுமானால் ஒரு நாள் கூலி போய்விடும். கூட வருபவரின் கூலியும் போய்விடும். இவற்றுக்கு மேலாக, "விசர்" என்று ஊர் ஒரு சொல்லைச் சொல்லிவிடுமோ என்ற அச்சம், வாசல் வரை வந்தவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் மகளுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு தகுதி இருக்கிறது. கிண்ணியாவில் ஒரு தாய் "கல்பு பாரமா இருக்கு" என்றால் அவள் தன் மனதைத்தான் சொல்கிறாள் என்பதும், சாம்பல்தீவில் ஒரு தாய் "நெஞ்சு பதைக்குது" என்றால் அதை இதய நோய் என்று மட்டும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதும் உங்கள் மகளுக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும்.

இனிப் படிப்பு. யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களில் உளவியல் கற்கலாம். சமூகவியலும் நல்ல வாசல்தான். சமூகப் பணியில் பட்டம் பெற விரும்பினால் சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் எது கிடைக்கும் என்பதை உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி தீர்மானிக்கும். ஆகவே ஒன்றை மட்டும் நம்பியிராமல், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு விருப்பங்களை வரிசைப்படுத்த வேண்டும். எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதையும் துறைவாரியாக விசாரிக்க வேண்டும். எந்தத் துறையானாலும் புள்ளிவிபரவியலைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மக்களின் கதையை மதிக்கிற ஆய்வாளருக்கு, அந்தக் கதையை நிதி ஒதுக்குகிறவர்கள் தட்டிக்கழிக்க முடியாத எண்ணாகவும் மாற்றத் தெரிய வேண்டும். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். கந்தளாயிலும் சேருவிலவிலும் வேலை செய்யச் சிங்களமும் வேண்டும். அங்குள்ள ஏழைக் குடும்பங்களும் இதே தூரத்தைத்தான் கடந்து வருகின்றன.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் இளமாணிப் பட்டம் பெற்றவுடன் ஒருவர் சிகிச்சை உளவியலாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கு மேற்படிப்பும் பதிவும் தேவை. ஓராண்டு டிப்ளோமாவை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்களை நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம்.

வேலை என்று பார்த்தால், பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பதவிகள் உண்டு. பல்கலைக்கழகங்களில் ஆய்வு உதவியாளராகத் தொடங்கி விரிவுரையாளராகலாம். தொண்டு நிறுவனங்களில் உளசமூகத் திட்டங்கள் உண்டு. கடைசியாகச் சொன்னவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். நிதி முடிந்தால் வேலையும் முடியும். தொடக்க ஆண்டுகளில் ஆசிரியையின் நிலையான சம்பளம் இதில் இராது என்பதில் தந்தையின் கவலை நியாயமானது. அவளுடைய கைக்குப் பலமாக இரண்டாம் ஆண்டிலிருந்தே கள அனுபவமும், அவள் பெயரில் எழுதிய ஒன்றிரண்டு அறிக்கைகளும் சேர வேண்டும்.

"மற்றவர்களின் துயரத்தைக் கேட்டுக் கேட்டு என் பிள்ளை உடைந்துவிடுவாளோ" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதை நான் இரண்டு முறை வாசித்தேன். நல்ல ஆய்வுக் குழுவில் கேட்பவரின் மனப்பாரத்தை இறக்கிவைக்க ஒழுங்கான மேற்பார்வைச் சந்திப்பு இருக்கும். தனியாகக் களத்துக்கு அனுப்பமாட்டார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கமாட்டார்கள். தற்கொலை எண்ணத்தை ஒருவர் சொன்னால் யாரிடம் உடனே ஒப்படைப்பது என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருக்கும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கும். இவை இல்லாத குழு எவ்வளவு சம்பளம் தந்தாலும் அவள் சேர வேண்டாம்.

விண்ணப்பத்துக்கு இன்னும் நாட்கள் இருக்கின்றன. அதற்குள் அவள் ஒரு சின்ன வேலை செய்யட்டும். வீட்டிலுள்ள அம்மம்மாவிடமும் பெரியம்மாமாரிடமும், மனம் சரியில்லாதபோது என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டு, அந்தச் சொற்களை மட்டும், ஆளின் பெயரும் கதையும் இல்லாமல், ஒரு கொப்பியில் எழுதட்டும். பிறகு அதே அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டி, சரியாக எழுதியிருக்கிறாளா என்று கேட்கட்டும். கைநூலையும் அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மூவருமாக என்னிடம் வாருங்கள். தந்தை கட்டாயம் வர வேண்டும்.