சாய்த்துப் பார்த்தால் திட்டுத் திட்டாய்த் தெரியும் படம்

கேள்வி: பிக்மென்ட் இங்க் பிரிண்டரில், கிளாஸி தாளில் படம் எடுக்கிறேன். நேராகப் பார்த்தால் அருமை. சாய்த்தால் வெள்ளைப் பகுதியின் பளபளப்பு தனித்துத் தெரிகிறது. கறுப்பில் செம்பு நிறம் மின்னுகிறது. ஏன்?

பதில்: டை இங்க் (கரைந்த சாய மை) தாளின் பூச்சுக்குள் ஊறிவிடும். பிக்மென்ட் துகள்கள் மேலேயே படிந்து நிற்கும். இங்க் விழாத வெள்ளையில் தாளின் பளபளப்பு மட்டுமே மிஞ்சுகிறது. அதை ஈடுகட்டத்தான் எப்சன் ஆர்2000-இல் கிளாஸ் ஆப்டிமைசர், கேனான் புரோ-1000-இல் குரோமா ஆப்டிமைசர் என்ற நிறமற்ற கார்ட்ரிட்ஜ். கேனானின் பிரிண்ட் செட்டிங்கில் 'ஆட்டோ'வை விட்டு முழுப் பக்கத்துக்கும் பூசச் சொல்லுங்கள். கூடுதலாகச் செலவாகும், ஆனால் திட்டு மறையும்.

அந்த கார்ட்ரிட்ஜ் இல்லாத பிரிண்டரா? 24 மணி நேரம் காயவிட்டு, ஸ்பிரே வார்னிஷை மெல்லிசாக 2, 3 முறை அடியுங்கள். அவசரப்பட்டு ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழிந்து தழும்பாகிவிடும். முதலில் மீடியா டைப்பையும் (பிரிண்ட் செட்டிங்கில் தாள் வகை) பாருங்கள்: மேட் பிளாக், அதாவது பளபளப்பில்லாத தாளுக்கான கறுப்பு இங்க், கிளாஸி தாளில் ஒட்டாது, விரல் பட்டாலே கையோடு வரும்.